ரோட்டர் நகரும் தூரம்

786
கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
18 பிப்ரவரி 1946

தாஸுக்கு ஷாஹுல் ஹமீது எழுதறது.

எழுத்துத் தமிழ் எனக்கு நாலாவது பாரத்தோட நின்னு போச்சு. பேசற மாதிரியே எழுதறேன். காலேஜு வாத்தியாருன்னு செவப்பு மையில திருத்தாத.

சனிக்கிழமை அடையாத்துல, பம்பு கம்பெனியில, நீ டீ கூடக் குடிக்காம போய்ட்ட. நான் வாசல் கேட்டு வரைக்கும் ஓடி வந்தேன். உன் சைக்கிளு பாலத்துமேல போய்க்கினு இருந்துச்சு. கூப்ட்டேன், நீ திரும்பல. எதிர்காத்து, காதுல உழுந்திருக்காதுன்னு வூட்டுல அமீனா சொல்றா. உழுந்துச்சுன்னு நான் சொல்றேன்.

முதலாளி முன்னால உன் முறுக்கு அளக்கற கருவி ஆடுனதுக்கு நீ இன்னா பண்ணுவ. மெல்லிசு தண்டு, அதுல ரெண்டு கண்ணாடி, செவுத்துல ரெண்டு வெளிச்சப் புள்ளி. மோட்டாரு தண்ட எவ்ளோ முறுக்குதோ புள்ளி ரெண்டும் அவ்ளோ வெலகணும். உங்க காலேஜு மேசைமேல ஒழுங்கா வெலகிச்சு. அந்த ஷெட்டுல தரையே அதுருது. புள்ளி ரெண்டும் கொசு மாதிரி ஆடுனா யாரால அளக்க முடியும்.

பொன்ராஜ் முதலாளி வேட்டிய தட்டிக்கினு எழுந்தாரு. அப்பதான் நான் வாயத் தொறந்தேன். அந்த மோட்டாரு நான் காயில் சுத்துனதுதானே. பின்பக்க மூடியில ஓட்ட போட்டு ஒரு ஸ்பிரிங்கு ஏற்கெனவே வெச்சிருந்தேன். மூர் மார்க்கெட்டுல வாங்குன மிலிட்டரி டயலு பையில இருந்துச்சு. மாட்டிக் காட்டுனேன்.

நீ முழுசா பாக்காம போய்ட்டதால சொல்றேன். மோட்டாருக்குள்ள சுத்தற ரோட்டர்ல செம்புக் கம்பிங்க நேரா இல்ல, சாய்வா கீது. லோடு ஏறுனா அந்தச் சாய்வு ரோட்டர பின்னால தள்ளுது. ரொம்ப இல்ல, தலைமுடி தடிப்பு. ஸ்பிரிங்கு எதுத்து நிக்குது. எவ்ளோ நகந்துச்சோ டயல் முள்ளு காட்டுது. நகந்தது எவ்ளோவோ, முறுக்கு அவ்ளோ. பம்ப கழட்ட வாணாம், பழய மாதிரி புல்லியில கயித்து பிரேக்கு கட்டி பொகைய வெச்சி அளக்க வாணாம். முதலாளி வால்வ மூடுனா முள்ளு எறங்குச்சு, தொறந்தா ஏறிச்சு. பத்து வாட்டியாவது மூடி மூடித் தொறந்தாரு. டெஸ்ட் ஷெட்டு மொத்தமும் நீயே பாத்துக்கோ பாய்ன்னாரு. எல்லாரும் என் கைய குலுக்குனாங்க. நான் உன்னத் தேடுனேன்.

உடம்பு சரியில்லையா. ஞாயித்துக்கிழமை வருவியா, மாட்டியா. ஒரு கார்டு போடு.

ஷாஹுல்


சேசு மரி சூசை
தியாகராய நகர்
24.2.46

அன்புள்ள ஷாஹுல்,

உன் கடிதம் கிடைத்தது. சனிக்கிழமை எனக்குத் தலைவலி. அதுதான் காரணம். உனக்குக் கிடைத்த பாராட்டு குறித்து மிக்க மகிழ்ச்சி. வீட்டில் டோரதியும் தன் மகிழ்ச்சியைத் தெரிவிக்கச் சொன்னாள்.

இந்த நாலு வரியோடு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து ஒன்பது ஞாயிற்றுக்கிழமை, சாந்தோம் கோயிலில் பூசை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் உன் பட்டறைக்கு வந்தேன். நான் கண்ணாடிகளை ஒட்டினேன், நீ விளக்கைப் பிடித்தாய். அந்த ஒன்பதில் ஏதோ ஒரு ஞாயிறன்று ரோட்டர் நகர்வதை நீ பார்த்துவிட்டிருக்கிறாய். அது எந்த ஞாயிறு? அதற்கப்புறமும் விளக்கைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாயே, என்ன நினைத்துக்கொண்டு நின்றாய்? மூடியில் துளை போட்டு, ஸ்பிரிங் வைத்து, டயலையும் பையில் எடுத்துக்கொண்டு வந்தவன், ஷெட்டு வாசலில் என் தோளைத் தட்டி "நல்லா வரும் தாஸு" என்றாய். என்னால் அதை மறக்க முடியவில்லை.

இன்னொன்று. உன் ஏற்பாட்டை வாங்கிக்கொள்ளலாமா என்று பொன்ராஜ் எங்கள் கல்லூரியிடம் எழுத்தில் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். துறைத் தலைவர் அதை என் மேசையில் வைத்துவிட்டார். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். அதற்கு என்னிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை.

மோட்டாரை அனுப்பிவை. நியாயமாகப் பார்ப்பேன்.

ஞானதாஸ்


786
மயிலாப்பூர்
3 மார்ச் 1946

தாஸு,

ஆமா, மறைச்சேன்.

பொங்கலுக்கு முந்துன ஞாயிறு. நீ போனப்பறம் மோட்டார ஓட்டிக்கினு இருந்தேன். தண்டு முனைய ஒட்டி ஒரு தீப்பெட்டிய நிக்க வெச்சிருந்தேன், சும்மா கை மறதியா. லோடு ஏறுனா உழுந்துச்சு. எடுத்து வெச்சேன், மறுக்கா உழுந்துச்சு. மூணாவது வாட்டி எடுக்கல. கீழ உக்காந்துட்டேன்.

சொல்லணும்னு தோணுச்சு. சைக்கிள எடுத்து லஸ்ஸு முனை வரைக்கும் வந்தேன். அப்பறம் நாப்பத்து மூணுல நடந்தது ஞாபகம் வந்துச்சு. நான் பண்ண மோட்டாரு ஸ்டார்ட்டர நீ உங்க காலேஜு புஸ்தகத்துல எழுதுன இல்ல. அமீனா கேட்டா, உங்க பேரு எந்த வரியில கீதுன்னு. "உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் உதவியோடு"ன்னு படிச்சிக் காட்டுனேன். "அது யாரு"ன்னா. நான்தான்னு சொன்னேன். அவ சிரிக்கவும் இல்ல, கோவிக்கவும் இல்ல, எழுந்து அடுப்பாண்ட போய்ட்டா. லஸ்ஸுல அது நெனப்பு வந்துச்சு. சைக்கிள திருப்பிக்கினேன்.

உனக்கு மட்டும்தான் நெஞ்சு காந்துதுன்னு நெனைக்காத. எங்க போனாலும் உனக்கு நாற்காலி போடறாங்க. எனக்கு மோட்டாரு எந்த மூலையில கீதுன்னு கைய காட்டறாங்க. நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சியில உக்காந்தவங்க. கணக்குல நான் உனக்குக் காட்டிக் குடுத்தவன். எங்க நைனா மவுத்தானாரு, நான் பட்டறைக்குப் போனேன், நீ காலேஜுக்குப் போன. அதுல உன் தப்பு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா மட்டும் எரியாம இருக்குமா.

போன லெட்டர்ல உன்னத் தேடுனேன்னு எழுதுனேன். எதுக்குத் தேடுனேன்னு எழுதல. உன் மூஞ்சியப் பாக்கணும்னு தேடுனேன். பாத்தேன். அல்லா பொறுக்கணும், எனக்கு சந்தோசமா இருந்துச்சு.

மோட்டார கைவண்டியில அனுப்பறேன். பின்பக்க பேரிங்குக்கு எண்ணெ நெறைய ஊத்தாத, முள்ளு சோம்பேறியாப் பூடும். நியாயமாப் பாப்பேன்னு எழுதியிருக்க. அது போதும்.

ஷாஹுல்


தியாகராய நகர்
21.3.46

அன்புள்ள ஷாஹுல்,

சோதனை முடிந்தது. என் அறிக்கை பொன்ராஜுக்குப் போய்விட்டது. பிறர் வாயால் நீ கேட்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பகலில் எடுத்த அளவுகள் கயிற்று பிரேக்கோடு பொருந்தின. மாலையில், ஊரில் விளக்கேற்றும் நேரத்தில் மின்னழுத்தம் தணிகிறது அல்லவா, அப்போது அதே சுமைக்கு முள் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு கூடுதலாகக் காட்டுகிறது. ரோட்டரை நடுவில் பிடித்து வைக்கும் காந்த இழுப்பு தளர்ந்து, அது தாராளமாக நகர்ந்துவிடுவதே காரணம். எனவே இந்த முறையை நம்பி ஒரு தொழிற்சாலை பம்புகளுக்குச் சான்று கொடுப்பது உசிதமல்ல என்று எழுத வேண்டியதாயிற்று.

அறிக்கையில் உன் பெயரை முழுதாகவே குறிப்பிட்டிருக்கிறேன்.

ஞானதாஸ்


786
மயிலாப்பூர்
30 மார்ச் 1946

தாஸு,

மோட்டாரு திரும்பி வந்துச்சு. முதலாளி மரியாதையாத்தான் பேசுனாரு. "காலேஜுல வேணாம்னுட்டாங்க, நான் இன்னா பண்றது பாய்"ன்னாரு. டெஸ்ட் ஷெட்டு வேலையும் அதோட போச்சு. அமீனா அடையாத்துல வூடு பாத்து வெச்சிருந்தா. கெணறு உள்ள வூடு. வேணாம்னு சொல்லி அனுச்சிட்டோம்.

நீ எழுதுனது பொய்யி இல்ல. விளக்கேத்தற நேரமா நானே ஓட்டிப் பாத்தேன். முள்ளு கூடத்தான் காட்டுது. பேரு முழுசா போட்டிருக்க, அதையும் பாத்தேன். தோத்த எடத்துல போட்டிருக்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இத்த சரி பண்ண வழி உனக்குத் தெரியுமா, தெரியாதா. தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுது. உன் கையெழுத்துல வந்தா நம்பிக்கிறேன்.

ஷாஹுல்


தியாகராய நகர்
6.4.46

அன்புள்ள ஷாஹுல்,

நீ கேட்டதற்குப் பதில்: தெரியாது.

தேர்வு வேலை அதிகமாக இருக்கிறது.

ஞானதாஸ்


786
மயிலாப்பூர்
19 மே 1946

தாஸு,

கோடு கோணலா போனா கண்டுக்காத. வலது கண்ணுல கட்டு.

நீ தெரியாதுன்னு எழுதுனப்பறம் நானே ரோசன பண்ணேன். முள்ளு நெறைய நகந்தா தப்பு கொறைவா தெரியும்னு தோணுச்சு. ஸ்பிரிங்க மெல்லிசாக்கிக்கினே வந்தேன். மெல்லிசாக்க மெல்லிசாக்க சாயங்காலத் தப்பு ஜாஸ்திதான் ஆச்சு. இன்னும் கொஞ்சம் மெல்லிசா பண்ணா சரியாப்பூடும்னு நெனச்சேன். புத்திகெட்ட வேலை. போன செவ்வாக்கெழம, பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்த ராயப்பேட்ட மில்லு மோட்டார்ல மாட்டி லோடு குடுத்தேன். முள்ளப் படிக்கணும்னு குனிஞ்சி மூஞ்சிய கிட்ட வெச்சிருந்தேன். ரோட்டரு ஒரே மூச்சா பின்னால வந்து டயல இடிச்சிது. டயல் கண்ணாடி என் மூஞ்சிமேல தெறிச்சிது.

அமீனாதான் சுவிச்ச அணைச்சா. ஜட்கா வண்டியில கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா. ஒரு சில்லு கருவிழியாண்ட. எடுத்துட்டாங்க. கண்ணு போவாது, ஆனா பொடி எழுத்து இனிமே சிரமம்னு டாக்டரு சொல்லிட்டாரு. காயில் சுத்தறதுக்கு கண்ணு அவ்ளோ வேணாம், கையி போதும். அப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிக்கினு கீறேன்.

உன்னக் கொற சொல்ல எழுதல. உனக்குத் தெரியாதுன்னு எழுதிட்ட, நான் நம்பிட்டேன். வேற யாராவது இதே மாதிரி பண்ண வந்தா ஸ்பிரிங்க மெல்லிசாக்க வாணாம்னு சொல்லு. உன்கிட்ட பசங்க படிக்கிறாங்க இல்ல, அதுக்குத்தான்.

ஷாஹுல்


தியாகராய நகர்
26.5.46

ஷாஹுல்,

உன் கடிதத்தை டோரதிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என் கையில் கொடுத்து, "இவருக்கு நீங்க எழுதின கார்டுல என்ன எழுதினீங்க" என்று கேட்டாள். சொன்னேன். "அது உண்மையா" என்றாள். நான் கடிதத்தை மடித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து தேவைக்கு மேல் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாழக்கிழமை உன் பட்டறை வாசல் வரை வந்தேன். அமீனா நின்றுகொண்டிருந்தாள். "உள்ள வாங்கண்ணே" என்றாள். அவள் அண்ணே என்றதும் என்னால் படியேற முடியவில்லை. திரும்பிவிட்டேன். எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். மார்ச் பன்னிரண்டாம் தேதியிலிருந்து தெரியும்.

ஸ்பிரிங்கைத் தடிப்பாக்க வேண்டும். நீ மெல்லியதாக்கினாய். அதற்கு நேர் எதிர். ரோட்டரை இரண்டு விஷயங்கள் எதிர்த்து நிறுத்துகின்றன, உன் ஸ்பிரிங்கும் காந்தமும். காந்தத்தின் பலம் மின்னழுத்தத்தோடு ஏறி இறங்கும். ஸ்பிரிங்கின் பலம் மாறாது. ஸ்பிரிங் காந்தத்தைவிட இருபது மடங்கு வலுவாக இருந்தால், காந்தம் எப்படி மாறினாலும் முள்ளில் தெரியாது. முள் கொஞ்சமாகத்தான் நகரும், ஆகவே இன்னும் நுணுக்கமான டயல் வேண்டும். அவ்வளவுதான். அரைப்பக்கக் கணக்கு. என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் அந்தக் கார்டு மாதிரிதான்.

பகலில் பன்னிரண்டு அளவு எடுத்தேன். பன்னிரண்டும் பொருந்தின. எந்த ஆசிரியனும் அதோடு சோதனையை முடித்திருப்பான். நான் முடிக்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சரி என்று எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அடையாற்று ஷெட்டில் அவர்கள் உன் கையைக் குலுக்கியது கண்ணில் வந்தது. மூன்று வருஷம் நான் அந்தக் கண்ணாடிகளோடு போராடினேன். உனக்கு ஒரு தீப்பெட்டி விழுந்தது. எதிலாவது தவறட்டும் என்று காத்திருந்தேன் ஷாஹுல். சுமையை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், ஒன்றும் தவறவில்லை. அப்புறம் விளக்கேற்றும் நேரம் வந்தது. முள் பதினெட்டுப் பங்கு ஏறியபோது எனக்குள் எழுந்தது என்ன என்று உனக்குத் தெரியும். மார்ச்சில் நீயே எழுதியிருக்கிறாய், என் முகத்தைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று. அதேதான்.

ஆனால் நீ ஒன்றை மறைத்துவிட்டு அதைக் கேட்டதும் ஒப்புக்கொண்டாய். நீ கேட்டபோது நான் தெரியாது என்றேன்.

புதன்கிழமை பொன்ராஜுக்கு இரண்டாவது அறிக்கை அனுப்பினேன். முதல் அறிக்கையில் தெரிந்தே விட்டுவிட்டது என்ன என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன். பிரதியைத் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பும் பட்டியலில் என் பெயர் இருந்தது. நேற்று எடுத்துவிட்டார்கள். நானாக எடுக்கச் சொன்னேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படிச் சொல்லவில்லை. எடுத்தார்கள்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க இதை எழுதவில்லை. அதைக் கேட்டால் உனக்கு இன்னொரு சுமை. கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். படம் பெரிதாகவே போட்டிருக்கிறேன், உன் கண்ணுக்குச் சிரமம் இல்லாமல்.

ஞானதாஸ்


786
மயிலாப்பூர்
30 ஜூன் 1946

தாஸு,

உன் லெட்டரு வந்து ஒரு மாசம் ஆவுது. படிச்ச அன்னிக்கு கிழிச்சிப் போடப் போனேன். அமீனா கணக்குத் தாள மட்டும் கையிலேர்ந்து புடுங்கிக்கினா. மத்தத நான் கிழிச்சேன். ஆனா அதுக்கு முன்னால மூணு வாட்டி படிச்சிட்டேன், அதனால கிழிச்சும் பிரயோசனம் இல்ல.

முதல்ல உன்மேல வந்த கோவம் கண்ணுக்காக வந்துச்சு. ரெண்டு நாளு கழிச்சிப் பாத்தா கண்ணுக்காக இல்ல. நீ தெரியாதுன்னு எழுதுன அன்னிக்கு நான் அமீனாகிட்ட இன்னா சொன்னேன் தெரியுமா. "பாவம், அவனுக்கே தெரியல, எவ்ளோ வெக்கமா இருந்திருக்கும் அத்த எழுத"ன்னு சொன்னேன். உனக்காகப் பரிதாபப்பட்டேன். அதுதான் எனக்குத் தாங்கல.

பொன்ராஜ் முதலாளி அவரே பட்டறைக்கு வந்தாரு. உன் ரெண்டாவது ரிப்போர்ட்டு கையில இருந்துச்சு. நான் பலகைய இழுத்துப் போட்டேன், உக்காந்தாரு. "இந்தாளு தன் கழுத்துல தானே கத்தி வெச்சிக்கினாரே, எதுக்கு"ன்னு கேட்டாரு. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சின்னு சொன்னேன். அவருக்கு இன்னா புரிஞ்சிதோ.

லாரி எஞ்சினு வால்வு ஸ்பிரிங்கு ஒண்ணு, கட்டவெரலு தடிப்பு, அத்த வெட்டி மாட்டுனேன். அஞ்சு நாளு சாயங்காலம் ஓட்டுனேன். கரண்டு எறங்குது, விளக்கு மங்குது, முள்ளு அசையல. நீ போட்ட கணக்கு நெசந்தான். அந்த முள்ளு அப்பிடியே நின்னப்போ எனக்கு சந்தோசம் வரணும் இல்ல. வரல. நான் ஒண்ணர மாசம் ராப்பகலா தேடுனது உன்கிட்ட அரைப்பக்கமா கெடந்துதேன்னு வவுறு எரிஞ்சிது. இத்த இன்னிக்கி எழுதாட்டி நானும் ஒரு கார்டு போட்டவன் ஆயிடுவேன்.

டெஸ்ட் ஷெட்டு வேலை எனக்குக் குடுத்துட்டாங்க. ஆடி பொறக்கறதுக்கு முன்னால ஏழு மோட்டார்ல மாட்டணும். ஒவ்வொண்ணுக்கும் கயித்து பிரேக்கு கட்டி, இத்தினி முறுக்குக்கு முள்ளு இத்தினி கோடுன்னு அட்டவணை எழுதணும். அங்கதான் சிக்கிக்கினேன். தடிப்பு ஸ்பிரிங்கு, புது டயலு, கோடுங்க மயிரிழையா கீது. என் கண்ணு எட்டையும் ஒம்போதையும் ஒண்ணாக் காட்டுது. அமீனா படிச்சா, அவளுக்கு டயலு பழக்கம் இல்ல, பாதி கோட்ட விட்டுடறா. கம்பெனியில ரெண்டு பேரு படிக்க வரேன்னாங்க. நல்லாவும் படிப்பாங்க.

நான் அவங்கள வேணாம்னுட்டேன்.

நீ வா. ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சிக்கினு நேரா அடையாத்துக்கு வா. மன்னிப்பு கின்னிப்பு பேசக்கூடாது, பேசுனா பம்பு சத்தத்துல எனக்குக் கேக்காது. தங்கச்சி டோரதி வந்தா இட்டுக்கினு வா, அமீனா சோறு கொண்டாருவா. நீ டயலு முன்னால உக்காரணும். முள்ளு எந்தக் கோட்டுல நிக்குதோ அந்த எண்ண சத்தமா சொல்லணும். நான் திரும்பிப் பாக்க மாட்டேன், பாத்தாலும் எனக்குத் தெரியாது. நீ சொல்றத நான் அப்பிடியே எழுதிக்கணும். என்னால நம்பி எழுத முடியுதான்னு எனக்கே தெரியல. மொத மோட்டார்ல தெரிஞ்சிப்பூடும்.

ஷாஹுல்